வெள்ளைப் பூ யாருக்கு விழுந்துச்சு

எச்சியில போயி இங்கிலீசைத் தேடுதாங்களே, இவங்களை என்ன சொல்ல, அப்படி அது எச்சியிலதான் இருந்துச்சுன்னா இத்தனை வருசத்துல துப்பித் துப்பியே தீந்துபோயிருக்கும்லான்னு நினைச்சுக்கிட்டே சண்முகப்ரியா லைப்ரரி வாசல்ல கெடந்த மர பெஞ்சுல உக்காந்திருந்தா. கன்னத்துக்குள்ள இன்னும் பஞ்சு ருசி போகல. காலையில பிரேயர் முடிஞ்சதும் அந்த அருளரசி மேடம், மெட்ராஸ்ல ஏதோ பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணுதவங்க, ஒரு நீளக் குச்சியை வாய்க்குள்ள விட்டு இடது கன்னத்துல பத்துத் தேய்ப்பு, வலது கன்னத்துல பத்துத் தேய்ப்பு தேய்ச்சு, ஒரு குழாயில போட்டு மூடி நம்பர் ஒட்டினாங்க. அடுத்தாப்ல தங்கச்சி சிவப்ரியா வாயைத் தொறந்தா. அதே பத்து, அதே பத்து. தங்கச்சின்னா பதினோரு நிமிசம் பின்னால வந்த தங்கச்சி. ஒரே நெத்தி, ஒரே மூக்கு, மேல்வரிசையில ஒரே பல்லு கோணல். வீட்டுல ப்ரியான்னு சத்தம் குடுத்தா ரெண்டும் வந்து நிக்கும்னுதான் ஒருத்தி சண்முன்னும் ஒருத்தி சிவான்னும் ஆனது. ரெண்டு குழாயும் மேசையில ஒட்டிப் படுத்துக் கெடந்தப்போ சண்மு கேட்டா, “மேடம், நம்பர் மாத்தி ஒட்டிட்டா கண்டுபிடிச்சிருவீங்களா?” அந்தம்மா சிரிச்சாங்க. “மாட்டேன்மா. ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சவங்க நீங்க. அதனாலதானே உங்களைத் தேடி இவ்வளவு தூரம் வந்தேன்.” தேடி வந்தாங்களாம். புதையலு பாரு. இப்போ சிவா உள்ள இருக்கா, இங்கிலீஷ்ல ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டணும், அதை போன்ல பதிஞ்சுக்கிடுவாங்க, அவ வந்ததும் இவ போயி அதே பக்கத்தை வாசிக்கணும். பதினொண்ணாம் கிளாஸ் ஏ செக்சன் இங்கிலீஷ் மீடியம் சிவா, சி செக்சன் தமிழ் மீடியம் சண்மு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அளந்து பாப்பாங்க. அளக்கட்டும். ஆனா உள்ள போறதுக்கு முன்னால சிவா சடை நுனி ரிப்பனைக் கடிச்சுக்கிட்டே காதுகிட்ட வந்து சொன்னாளே, அதுதான் இப்போ தொண்டையில மீன்முள்ளு மாதிரி நிக்குது. “பயப்படாத ட்டி. நானும் திக்கித் திக்கித்தான் வாசிக்கப் போறேன். ரெண்டும் ஒண்ணுதான்னு எழுதிட்டுப் போகட்டும்.” இவ உடனே, யோசிக்கவே இல்ல, வாயி எப்பவும் போல முன்னால ஓடிருச்சு, “ஒன் பிச்சை எவளுக்கு வேணும்”னா. சிவா சிரிச்சுக்கிட்டே உள்ள போயிட்டா. அந்தச் சிரிப்புதான். அப்படிச் சிரிச்சான்னா சொன்னபடியே செஞ்சிருவா. நல்லா வாசிக்குத புள்ளைங்கள்ல ரெண்டு பேரை மே மாசம் மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு மாசம் மொழிப் பயிற்சி குடுக்கப் போறாங்கன்னு மேடம் நேத்தே சொல்லிட்டாங்க. சிவா அதைக் கேட்டதுல இருந்து ராத்திரி சோறு கூட ஒழுங்காத் திங்கல, எந்தப் பையை எடுத்துட்டுப் போகணும்னு வரைக்கும் யோசிச்சு வச்சிருந்தா. அந்தப் பைக்காரிதான் இப்போ உள்ள போயி திக்கப் போறா. யாருக்காக? ஒன் பிச்சை எவளுக்கு வேணும்னவளுக்காக.

வரட்டும், திக்கட்டும், எனக்கென்ன, நான் கேட்டேனான்னு சண்மு பெஞ்சுல கெடந்த ஆணித்தலையை நகத்தால நோண்டினா. மணி பத்தரை இருக்கும். சத்துணவுக் கூடத்துல தாளிக்குத வாசம் இப்பவே வந்துருச்சு. கிரவுண்டுல பி.டி. டீச்சர் விசில் ஊதுதாங்க. இதெல்லாம் சாதாரண நாளு மாதிரிதான் நடக்குது, யாருக்கும் ஒண்ணும் தெரியல. சாதாரணமாவே இருக்கட்டும். நான் என்ன தப்பு சொல்லிட்டேன் இத்தனை வருசமா? ஊரெல்லாம் சொன்னதை விடவா? சண்முவுக்கு அவ அப்பன் நாக்கு, தடிச்ச நாக்கு, அதான் இங்கிலீஷ் உருள மாட்டேங்குது, சிவாவுக்கு அவ சித்தி நாக்கு, பெங்களூர்ல நர்ஸா இருந்துக்கிட்டு நாலு பாசை பேசுதவ நாக்குன்னு கடையில, பக்கத்து வீட்டுல, கல்யாண வீட்டு பந்தியில எல்லாம் சொல்லுவாங்க. அப்பா மினிபஸ் கண்டக்டரு. காலையில இருந்து பொழுது அடையுற வரைக்கும் ஸ்டாப் பேரைக் கத்துத மனுசன் நாக்கு தடிச்ச நாக்காம். ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சப்போ நாக்கு மட்டும் தனித்தனி வண்டியில வந்துச்சா? இந்தக் கேள்வியைக் கேட்டுத்தானே போன வருசம் ஆண்டு விழா பட்டிமன்றத்துல கப்பு வாங்கினா. ஒரு புள்ளைக்குப் பாசை வாய்க்கிறது பிறப்பாலயா வளர்ப்பாலயா. வளர்ப்பாலதான்னு இவ. மேடையில நின்னு கையை நீட்டி, “நடுவர் அவர்களே, ஏ செக்சன்ல டீச்சர் குட்மார்னிங்ல இருந்து பெல் அடிக்குற வரைக்கும் இங்கிலீஷ்லயே பேசுதாங்க, தப்பாப் பேசினாலும் பேசுன்னு விடுதாங்க, டிக்சனரி கையில குடுக்காங்க. எங்க சி செக்சன்ல புஷ்பவனம் சார் பாடத்தைத் தமிழ்ல அர்த்தம் சொல்லிட்டு, கைடுல இருக்குற பதிலை அடிக்கோடு போடச் சொல்லி, மனப்பாடம் பண்ணுங்கட்டி பாஸாகிருவீங்கன்னுட்டு உக்காந்திருதாங்க. என் தங்கச்சியும் நானும் ஒரே வயித்துல கெடந்தவங்க. பதினோரு வயசுல ஒரு சுவரு எங்களைப் பிரிச்சுது. அந்தச் சுவருதான் அவளைப் பேச வச்சுது, என்னை ஊமையாக்குச்சு!”ன்னு முடிச்சப்போ புஷ்பவனம் சாரே எந்திரிச்சுக் கை தட்டினாரு, வெக்கங்கெட்ட மனுசன். எல்லாரையும் விட அதிகமாத் தட்டினது சிவா. கண்ணுல தண்ணி வழிய வழியத் தட்டினா. அந்தக் கப்பு டிவி மேல இருக்கு. தூசி தட்டுதது சிவா. அதுல ஒரு பொய்யும் இல்ல, சத்தியமா ஒரு பொய்யும் இல்ல, சுவரு இருந்துச்சு, புஷ்பவனம் சாரும் அப்படித்தான், நேத்து இதையே மேடம்கிட்டயும் கேட்டா, “அப்போ எங்களை மாத்திப் போட்டிருந்தா நான் அவளை மாதிரி பேசுவேன், அவ என்னை மாதிரி நிப்பா, அப்படித்தானே?” மேடம், “அதைத்தான்மா தெரிஞ்சுக்கப் பாக்குறோம். ரத்தம் பாதி சூழல் பாதின்னு ஊரு முழுக்கச் சேத்து வேணா சொல்லலாம். ஒரு ஆளைப் பிடிச்சு நிறுத்தி உனக்கு இவ்வளவுன்னு சொல்ல முடியாது”ன்னாங்க. “அப்போ எச்சி எதுக்கு எடுக்கப் போறீங்க?” “ஊருக் கணக்குல சேக்க.” “எங்க ஊருல எச்சிக்கா பஞ்சம்”னா இவ. அந்தம்மா கோவிக்கல, விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நல்ல பொம்பளைதான். நல்ல பொம்பளையா இருக்குததுதான் கஷ்டம். ஏன்னா அப்புறம் அம்மாவை உக்கார வச்சு, “ரெண்டு பேரையும் யார்மா பிரிச்சுச் சேத்தது? நீங்களா, டீச்சரா, மார்க் பாத்தா?”ன்னு கேட்டப்போ அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டு, “நான் எங்க பிரிச்சேன், அம்மன்லா பிரிச்சா. இங்கிலீஷ் மீடியத்துல ஒத்த எடம்தான் இருந்துச்சு. பெத்தவ எந்தப் புள்ளைக்குன்னு கை காட்ட? பூக்கட்டிப் பாத்தோம்”னாங்க. அந்தம்மா மொகம் அப்படியே விளக்குப் போட்ட மாதிரி ஆயிருச்சு. பேப்பர்ல எழுதி ரெண்டு அடிக்கோடு போட்டாங்க. யாருமே தேர்ந்தெடுக்கல, புத்திசாலியைப் பாத்தோ பயந்தவளைப் பாத்தோ பிரிக்கல, தானா விழுந்தது, இப்படி ஒரு ரெட்டை கெடைக்கவே கெடைக்காதுன்னாங்க. ரெண்டு கோடு. அந்த ரெண்டு கோடு இன்னும் சண்மு கண்ணுக்குள்ளயே கெடக்கு.

உள்ள சிவா ஆரம்பிச்சுட்டா. ஜன்னல் கதவு பாதிதான் சாத்தியிருந்துச்சு. கடலோரத்துக் கலங்கரை விளக்கத்தைப் பத்தி என்னமோ. முதல் வரி கடகடன்னு வந்துச்சு, சிவாவோட வாசிப்பு, தண்ணிக் குழாயைத் தொறந்துவிட்ட மாதிரி, ரெண்டாவது வரியும் பாதி வந்துச்சு, அதுக்குள்ள அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும் போல. நின்னா. சண்மு பெஞ்சு விளிம்பைப் பிடிச்சா. நின்னவ அந்த வரியோட தலைக்கு ஓடினா, மறுபடி அங்க இருந்து வந்து அதே எடத்துல முட்டினா, மறுபடி தலைக்கு ஓடினா. நடுவுல ம்க்கும்னு ஒரு செருமல். அய்யோ. அது எவளோ திக்குதது இல்ல. அது நான். அந்தச் செருமல் எனக்கு இருக்குன்னே எனக்குத் தெரியாது, இப்பத்தான் தெரியுது, நான் வாசிச்சா இப்படித்தான் இருக்குமா, கதவுல முட்டுத ஆட்டுக்குட்டி மாதிரி, வரித்தலைக்கு ஓடி ஓடி வந்து முட்டிக்கிட்டு? வெளியில இருந்து கேக்க இப்படியா இருக்கு? கேலி பண்ணுதாளான்னு ஒரு நொடி ரத்தம் தலைக்கு ஏறிச்சு. பாதி எந்திரிச்சுட்டா. கேலி இல்ல. கேலி பண்ணுதவ இவ்வளவு கவனமாப் பண்ண மாட்டா. எந்த எடத்துல நிப்பேன், எங்க எச்சி முழுங்குவேன், எங்க விரலை வச்சுப் பிடிச்சுக்கிடுவேன்னு வருசக்கணக்காப் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கா, மனசு வலிக்கப் பாத்திருக்கா, அப்படிப் பாத்தவளுக்குத்தான் இது வரும். அஞ்சாம் கிளாசுல பண்ணினாளே, அதே வேலை. அதை நினைக்காதன்னா நினைப்பு கேக்குதா. தெருப் பள்ளிக்கூடம், ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு, ஒரே டீச்சர், இங்கிலீஷ் ரெண்டு பேருக்கும் ஒண்ணு போலத்தான் வந்துச்சு, சொல்லப்போனா சண்முதான் ஒரு படி மேல, சத்தமா வாசிக்க ஆள் வேணும்னா டீச்சர் இவளைத்தான் எழுப்புவாங்க. அதான் இன்ஸ்பெக்சன் அன்னைக்கும் எழுப்பினாங்க. ஆபீசர் நாற்காலியில சாஞ்சு உக்காந்து பேனாவால தொடையைத் தட்டிக்கிட்டிருந்தாரு. ஒரு வார்த்தையில நின்னுட்டா, என்ன வார்த்தைன்னு கூட இப்போ ஞாபகம் இல்ல, தினம் வாசிக்குத வார்த்தைதான். தட்டுத பேனா நின்னுச்சு. “என்னம்மா, ஊமையா?” கிளாஸே சிரிச்சுது. அப்புறம் காலு வழியா ஒரு சூடு எறங்கிச்சு. பாவாடை, தரை, பக்கத்துல இருந்த பை. எல்லாரும் பாத்தாங்க. அப்போ சிவா எந்திரிச்சா. தண்ணி பாட்டில் மூடியைத் தொறந்து, தன் மடியில, தன் பாவாடையில, மெதுவா, முழு பாட்டிலையும் ஊத்திக்கிட்டு, “டீச்சர், எங்க ரெண்டு பேர் பாட்டிலும் ஒழுகுது டீச்சர்”னா. ரெண்டு பேரும் ஈரப் பாவாடையோட தெருவுல வீட்டுக்கு நடந்தாங்க. வழியில இவ அவளுக்கு என்ன சொன்னா? நன்றியா சொன்னா? “ஒன்ன எவ ஊத்தச் சொன்னா”ன்னு முதுகுல ஒண்ணு வச்சா.

அன்னையில இருந்துதான். இங்கிலீஷ்னா புத்தகம் இல்ல, ஒரு சூடு, காலு வழியா எறங்குத சூடு. பக்கத்தைத் தொறந்தாலே முட்டிக்குப் பின்னால வேர்க்கும். ஆனா பயமா இருக்குன்னு யாருகிட்டச் சொல்ல? சண்மு பயப்பட மாட்டாளே. சண்முதானே ரேசன் கடையில சண்டை போட்டு அரிசி வாங்கிட்டு வருதவ, அத்தை மாமனை எதுத்துப் பேசுதவ, இவ வாயிக்கு ஊருல பாதி வீட்டுக் கதவு சாத்திக்கிடும். அந்த வாயால எனக்குப் பயமா இருக்கும்மா, என்னைத் தமிழ் மீடியத்துலயே போடுங்கன்னு ஒரு வரி வரல. அதுக்குப் பதிலா, விடு, அதை இப்போ எதுக்கு, ஜன்னலைப் பாரு, ஜன்னல்ல ஒரு அணில், அணிலைப் பாரு. அணில் ஓடிப்போச்சு. கோயில் வந்து நின்னுச்சு. ஜூன் மாசம், வெயிலு, காளியம்மன் கோயில் தரை காலைச் சுட்டுச்சு. அம்மா வீட்டுலயே ரெண்டு வாழையிலை நறுக்குல ஒண்ணுல நந்தியாவட்டை, ஒண்ணுல செவ்வரளி வச்சு நாரால கட்டிக் கொண்டுவந்திருந்தாங்க. வெள்ளை வந்தா இங்கிலீஷ் மீடியம், செவப்பு வந்தா தமிழ் மீடியம். பூசாரி ரெண்டையும் அம்மன் காலடியில போட்டு உருட்டிக் கலைச்சுட்டு, ஆளுக்கொண்ணு எடுங்கம்மா, பிரிக்கக் கூடாது, மூணு சுத்து சுத்திட்டு அம்மன் முன்னால வந்துதான் பிரிக்கணும்னாரு. பிரிக்காம சுத்த இவளால முடியுமா? ரெண்டாவது சுத்துல கோயிலுக்குப் பின்பக்கம், தல மரத்துக்கு மறைவுல, இலையை நகத்தால லேசாக் கிழிச்சு ஒத்தக் கண்ணால பாத்தா. வெள்ளை. வெள்ளையைப் பாத்ததும் காலு வழியா அந்தச் சூடு. ஏ செக்சன், முழு நாளும் இங்கிலீஷ், முழு நாளும் எந்திரி எந்திரி வாசி வாசி. சிவா பின்னாலயே வந்துக்கிட்டிருந்தா. “ஏட்டி, பாவாடை நாடா அவுந்துருச்சு, இதைக் கொஞ்சம் பிடி”ன்னு பொட்டலத்தை அவ கையில குடுத்தா. நாடா ஒண்ணும் அவுறல. அவுத்து அவுத்துக் கட்டினா. கட்டிட்டுக் கையை நீட்டி, சிவாவோட எடது கையில இருந்ததை எடுத்துக்கிட்டா. தன்னோடது வலது கையில இருந்துச்சு. அவ்வளவுதான். ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் நடுவுல எவ்வளவு தூரம், ஒரு சாண். பிரிச்சப்போ சிவாவுக்கு வெள்ளை, இவளுக்குச் செவப்பு, அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டு, “அம்மன் குடுத்தது, நான் குடுத்ததில்ல தாயி, நாளைக்கு என்னை வையாத”ன்னு இவளைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. இவளும் அழுதா. நிம்மதியில அழுதா. அதைப் பாத்து, ஐயோ பாவம், எடம் கெடைக்கலன்னு அழுதாள்னு எல்லாருமா நினைச்சுக்கிட்டாங்க. அந்த அழுகையை அப்படியே எடுத்து வச்சுக்கிட்டா. ஆறு வருசமா அதைத்தான் செலவழிச்சுக்கிட்டிருக்கா.

நல்லாத்தான் செலவழிச்சா. சிவா குழம்பு முட்டையில மஞ்சக்கருவை எடுத்து இவ தட்டுல வைப்பா, இவ திம்பா. தீவாளித் துணியில கலரு நீ எடு ட்டிம்பா, இவ எடுப்பா. இவ முறைக்கும் அவளே குழாயில தண்ணி பிடிச்சு வைப்பா. எனக்கு விழுந்த பூ உனக்கு விழுந்திருக்கலாம்ட்டின்னு ஒருக்கா போர்வைக்குள்ள சொன்னா. இவ என்ன சொன்னா? பேசல. பேசாம இருந்ததுதான் அன்னைக்குப் பேசினதுலயே பெரிய பொய்யி. சிவா ஆறாம் கிளாசுல பாத்ரூம்ல குளிச்சுக்கிட்டே தனக்குத் தானே இங்கிலீஷ்ல பேசிப் பழகுவா. இவ வெளியில இருந்து கதவைத் தட்டி, “துரைசானி, சோப்பு உங்க பாசையில பதில் சொல்லுதா?”ம்பா. சொல்லச் சொல்ல சிவா வீட்டுல இங்கிலீஷ் பேசுததை நிறுத்திட்டா. சொல்லிக்குடுக்க ஒரு நோட்டுப் போட்டு, ரெண்டு கலர் பேனாவுல எழுதிக்கொண்டாந்து வச்சா. இவ நாலு பக்கத்தைக் கிழிச்சு அடுப்புப் பத்த வச்சா. மேடம் நேத்து ஒரு தாள்ல கேட்டாங்கள்ல, வீட்டுல இங்கிலீஷ் படிக்க உதவுற சூழல் இருக்கா, இல்லியா, டிக் பண்ணுன்னு. சிவாவோட தாள்ல அவ இருக்குன்னு டிக் பண்ணினா. இருக்காம். எங்க இருக்கு? நான்தாண்டி ஒன் சூழல். நான் கதவைத் தட்டினது, நோட்டைக் கிழிச்சது, ஒன் பிச்சை எவளுக்கு வேணும்னது, அதெல்லாம் தாண்டித்தான் நீ இத்தனையும் படிச்சிருக்க, அதை எந்த எச்சியில எந்தக் குழாயில அளப்பாங்க? ஆனா சொல்ல முடியுமா இப்போ. சொன்னா அம்மா? பூசாரியைக் கேப்பாங்களா, அம்மனைக் கேப்பாங்களா? செவ்வாக்கெழமை தவறாம விளக்குப் போடுதாங்களே, எம்புள்ளைகளை நீ பிரிச்சபடியே காப்பாத்துன்னு. சொன்னா அந்தக் கப்பு? புஷ்பவனம் சார் கை தட்டல்? சொன்னா மேடத்தோட ரெண்டு அடிக்கோடு? சொல்லாட்டி ஒண்ணும் ஆகாது. சிவா திக்குவா, இவ திக்குவா, ரெண்டும் ஒண்ணுன்னு எழுதுவாங்க, மே மாசம் ஏதோ ஒரு புள்ளை மெட்ராசுக்குப் போகும். பையி பரண்லயே கெடக்கும். யாருக்கும் தெரியாது. இதுக்கு முன்னால யாருக்குத் தெரிஞ்சுது?

உள்ள சிவா நாலாவது வரியில நின்னா. ம்க்கும். வரித்தலைக்கு ஓடினா. “தண்ணி குடிக்கிறியாம்மா? பதட்டப்படாதே”ன்னு மேடம் சொன்னது கேட்டுச்சு. சிவா வேணாம் மேடம்னா. தண்ணின்னதும் சண்முவுக்குப் பாட்டில் மூடி தொறக்குத சத்தம் காதுல கேட்டுச்சு, அஞ்சாம் கிளாஸ் மூடி, டக்குன்னு. எந்திரிச்சா. எந்திரிச்சதும் கதவு வரைக்கும் எப்படிப் போனான்னு தெரியல. தள்ளினா.

மேடம் போனுக்கு முன்னால விரலை வாயில வச்சாங்க. “சண்முகப்ரியா, வெளியே இரும்மா. இன்னும் முடியலை.”

“மேடம், அவ நடிக்குதா.”

“ஏட்டி, சும்மா போ”ன்னா சிவா. மொகம் வெளுத்துப் போச்சு.

“நீ சும்மா இரு. மேடம், அவ இப்படி வாசிக்க மாட்டா. இது நான் வாசிக்கிற மாதிரி. எனக்காகப் பண்ணுதா.” மூச்சு வாங்குச்சு. இப்போ நிறுத்தினா நின்னுரும்னு தெரியும், அதனால நிறுத்தல. “நேத்து எங்கம்மா பூக்கதை சொன்னாங்கள்ல, நீங்க ரெண்டு அடிக்கோடு போட்டீங்கள்ல. அதை அடிச்சிருங்க. அம்மன் பிரிக்கல. வெள்ளைப் பூ எனக்குத்தான் விழுந்துச்சு. நான் பயந்துபோயி அவ கையில மாத்திவிட்டுட்டேன். என் எடத்தைத் தட்டிப் பறிச்சுட்ட மாதிரி இவ இத்தனை வருசமா எனக்குக் குனிஞ்சுக்கிட்டே கெடக்கா. இவ ஒண்ணும் பறிக்கல.”

மேடம் போனை அணைச்சாங்க. சண்மு சிவா மொகத்தைப் பாக்கல, அவ கையைத்தான் பாத்தா, பக்கத்தோட மூலையை மடிச்சு மடிச்சு விட்டுக்கிட்டிருந்த கையை. அடிப்பா, அழுவா, ஏதோ ஒண்ணு வரும்னு காத்திருந்தா.

“தெரியும்”னா சிவா.

“என்ன தெரியும்?”

“நீ மாத்தினது. என் பொட்டலத்துல நாரு ரெட்டை முடிச்சு. அம்மா கட்டும்போதே நான் பாத்தேன், ஒண்ணுல நாரு நீளமா இருந்துச்சுன்னு ரெண்டு தடவை முடிஞ்சாங்க. நீ அதை எடுத்துட்டுப் போன. சரி, தெரியாம எடுக்குதான்னு கூப்பிட வாயெடுத்தேன். அப்புறம் பாத்தா ஒன் பொட்டலத்துல இலை கிழிஞ்சிருந்துச்சு. உள்ள வெள்ளையாத் தெரிஞ்சுது.” சிவா எச்சி முழுங்கினா, இப்போ நடிப்பு இல்ல. “எனக்கு வேணும்னு இருந்துச்சு ட்டி. அதான் கூப்பிடல.”

பட்டிமன்றத்துல கப்பு வாங்கினவ வாயில தமிழ் கூட வரல. ஆறு வருசமாச் சேத்து வச்ச வெக்கம் எல்லாம் எங்க போயி நிக்குததுன்னு தெரியாம அங்கேயே நின்னுச்சு, பக்கத்துல இன்னொண்ணு, அதே நெத்தி, அதே பல்லு கோணல், அதே வெக்கம். ஒரே போர்வைக்குள்ள ரெண்டு பேரும் அதைத் தனித்தனியா வச்சுக்கிட்டு மூச்சை அடக்கிப் படுத்திருந்திருக்காங்க.

“அப்போ அந்த மஞ்சக்கரு?”ன்னா சண்மு கடைசியில.

“ஆமா.”

“தீவாளிக் கலரு?”

“ஆமான்னுதானே சொல்லுதேன்.”

“களவாணி.”

“நீதாண்டி மொதக் களவாணி. நான் ரெண்டாவது.”

மேடத்துக்குச் சிரிக்கிறதா வேணாமான்னு தெரியல. நேத்து எழுதின தாளைத் தேடி எடுத்தாங்க. அப்புறம், “இதை நான் எழுதிக்கலாமா? வேணாம்னா விட்டுடறேன்”னாங்க. அவங்க கேட்ட விதம் சண்முவுக்குப் பிடிச்சிருந்துச்சு, அதனாலயே இன்னும் கொஞ்சம் கூசிச்சு.

“எழுதிக்கோங்க. ஆனா எங்கம்மாகிட்ட நீங்க சொல்லப்படாது. நான் சொல்லுவேன். செவ்வாக்கெழமைக்கு முன்னால சொல்லிருதேன்.”

அடிக்கோடு போட்ட வரியை மேடம் ஒரே இழுப்புல அடிச்சாங்க. போன்ல பதிவை மறுபடி போட்டாங்க. “சிவப்ரியா, முதல்ல இருந்து வாசிக்கிறியா?”

சிவா இவளைப் பாத்தா. இன்னும் அந்தப் பார்வைதான், அனுமதி கேக்குத பார்வை.

“என்னை என்னத்தப் பாக்குத? பக்கத்தைப் பாத்து வாசி. வேகமா.”

சிவா வாசிச்சா. ஒரு எடத்துலயும் நிக்கல. சண்மு கதவுல சாஞ்சு நின்னு கேட்டா, வீட்டுல ஒரு தடவை கூட முழுசா வாசிக்க விட்டதில்லைன்னு அப்பத்தான் ஒறைச்சுது, நாலாவது வரிக்குள்ள ஏதாவது சொல்லி நிறுத்திருவா. இப்போ நாலாவது வரி போச்சு, பத்தாவது வரி போச்சு, கடல் வந்துச்சு, படகு வந்துச்சு, பாதிதான் புரிஞ்சுது, அந்தப் பாதியில விளக்கு அணையாம இருக்க ஒருத்தன் ராத்திரியெல்லாம் படி ஏறி எறங்குதான்னு தெரிஞ்சுது, நெஞ்சு எரிஞ்சுது, நல்லாத்தான் இருந்துச்சு. முடிச்சதும் மேடம் போன்ல ஒரு தடவை அழுத்திட்டு, “அடுத்து நீ”ன்னு நாற்காலியைக் காட்டினாங்க.

நாற்காலி சூடா இருந்துச்சு. பக்கத்தோட மூலையில சிவா மடிச்ச மடிப்பு. முட்டிக்குப் பின்னால வேர்க்க ஆரம்பிச்சுருச்சு. சிவா பையைத் தூக்கித் தோள்ல மாட்டிக்கிட்டு வாசல்கிட்ட நின்னா. பையோட பக்கவாட்டுல தண்ணி பாட்டில் துருத்திக்கிட்டு இருந்துச்சு.

“ஏட்டி, சிவா.”

“என்ன?”

“வெளிய பெஞ்சுல உக்காரு. நான் எங்க நின்னாலும், என்ன ஆனாலும், அந்த பாட்டிலைத் தொறக்கக் கூடாது.”

சிவா பாட்டிலைப் பாத்தா, இவளைப் பாத்தா, தலையை ஆட்டிட்டு வெளிய போனா. பெஞ்சு கிரீச்சுன்னது. சண்மு முதல் வரியில விரலை வச்சா. ரெண்டாவது வார்த்தையில நின்னா. வரித்தலைக்கு ஓடப் பாத்தா, ஓடல. அங்கேயே நின்னு, ம்க்கும்னு செருமி, அடுத்த வார்த்தைக்காக வாயைத் தொறந்தா.